வீட்டில் யாரும் இல்லை என்று எழுதியவள்

ஜூன் 9

அம்மா,

ஃபோனில் நீ பேசுவது மொத்தம் மூன்றே வாக்கியம். “சாப்பிட்டியா? படிச்சியா? சரி, வச்சிடறேன்.” நான் ‘ம்’ என்பதற்குள் வைத்துவிடுகிறாய். நேற்று நான் சொன்ன ‘ம்’ சாப்பிட்டதற்கா படித்ததற்கா என்று எனக்கே தெரியாது. அதனால்தான் கடிதம். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

சித்தி எனக்குக் கொடுத்திருப்பதை அறை என்று சொல்ல மனசு வரவில்லை. அது அறையாக ஆசைப்படும் பால்கனி. மூன்று பக்கம் கண்ணாடி, நாலாவது பக்கம் சித்தப்பாவின் குறட்டை. சித்தி நல்லவள்தான். தினமும் “இது உன் வீடு மாதிரிம்மா” என்கிறாள். அந்த ‘மாதிரி’யில்தான் நான் குடியிருக்கிறேன்.

நீ ஓய்வு பெற்று, இந்த வெளியூர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்வரை வீட்டில் இருந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என்னை நாற்பத்திரண்டு வயதில் பெற்றாய், சமாளித்தாய். ஓய்வை ஐம்பத்தெட்டில் பெற்றாய், அதை எந்தப் பக்கம் தூக்குவது என்றே உனக்குத் தெரியவில்லை. முப்பத்து நாலு வருஷம் ஆபரேஷன் கத்திகளையும் கத்தரிகளையும் எண்ணிச் சுத்தப்படுத்திக் கட்டி அனுப்பியவள், வீட்டு ஸ்பூன்களை எண்ண ஆரம்பித்தாய். “ஒரு ஸ்பூன் குறையுது, யாரும் நகரக் கூடாது.” யாரும் என்றால் யார்? வீட்டில் இருந்ததே நான் ஒருத்தி. உப்பு டப்பாவில் திறந்த தேதி, சர்க்கரை டப்பாவில் காலாவதி தேதி, இரண்டிலும் உன் சுருக்கொப்பம். என் நெற்றியில் ஒட்டாததுதான் பாக்கி.

இப்போது என் பையை யாரும் எண்ணுவதில்லை. பேனா தொலைந்தால் தொலைந்ததுதான்.

உன் அலமாரியில் மிச்சமிருந்த, கருவிக் கட்டுகளில் ஒட்டும் கோடு போட்ட டேப்பை நான்தான் எடுத்தேன். சூடு பட்டால் கோடு கறுக்குமே, அதுதான். நேற்று சித்தப்பா தூங்கும்போது நெற்றியில் ஒட்டி, ‘இன்னும் சுத்தம் செய்யப்படவில்லை’ என்று எழுதிவிட்டேன். மனிதர் அப்படியே கடைக்குப் போய்விட்டு வந்தார்.

வாலு

&nbsp;

ஜூன் 18

வாலு,

கடிதம் கிடைத்தது. சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேள். கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அந்த டேப்பைப் பற்றி ஒன்று. கோடு கறுத்தால் சூடு பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே சுத்தமாகிவிட்டதா என்பது வேறு விஷயம். இங்கே இருக்கும் சின்னப் பெண்களுக்கும் இதைத்தான் தினமும் சொல்கிறேன்.

எங்கள் வேலை அறை தரைக்குக் கீழே. ஜன்னல் கிடையாது, ஃபோனும் எடுக்காது. கருவிகளை ஆவியில் சுத்தப்படுத்த இரண்டு மெஷின், அதில் ஒன்றுதான் ஓடுகிறது. அதன் கதவைத் திறந்தால் ஆவியில் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்ளும். பழைய இடத்திலும் அப்படித்தான், ஆனால் அங்கே கண்ணாடி இல்லாமலே எது எங்கே என்று கை போகும். இங்கே கை இன்னும் தேடுகிறது. முழங்கால் படிக்கட்டில் மட்டும் வலிக்கிறது.

தங்கும் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் ஒரே ஓர் ஆணி. புடவையை மாட்டினால் பையைக் கீழே வைக்க வேண்டும். எல்லாரும் என்னை ‘ஆன்ட்டி’ என்கிறார்கள்.

முட்டை சாப்பிடு. கணக்கை விட்டுவிடாதே.

அம்மா

&nbsp;

ஜூலை 6

அம்மா,

மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லம்மா, கடைக்காரர் அஞ்சு நிமிஷம் விடாம சிரிச்சார், பத்து வருஷத்துல இப்பதான் என்கிட்ட பேசினார்” என்றார் சித்தப்பா. நான் செய்தது சமூக சேவை.

கணக்கை நான் விடவில்லை. அதுதான் என்னை ஃபெயில் என்று வெளியே விட்டது. விடைத்தாளில் உன் கையெழுத்து வேண்டுமாம். போட்டுவிட்டேன். கத்தாதே. நாலு வருஷமாக நானேதான் போடுகிறேன். உன் கையெழுத்தை உன்னைவிட நான் நன்றாகப் போடுவேன். உனக்குக் கடைசிச் சுழி அவசரத்தில் நெளியும்.

ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்குப் போனேன். ஜன்னலைத் திறக்க என்று சித்தியிடம் சொன்னேன். திறந்தேன், மூடினேன், ஐந்து நிமிடம் ஆனது. மிச்ச இரண்டரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டதால் வீட்டில் சத்தமே இல்லை. அது எவ்வளவு பேசிக்கொண்டிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. அப்பாவின் போட்டோவுக்கும் எனக்கும் பேசுவதற்குப் புதிதாக எதுவும் இல்லை. ஏழு வருஷமாக அவர் ஒரே முகம்தான் வைத்திருக்கிறார்.

சரி, ஒன்று கேட்கிறேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டபோது, “நான் அப்ளிகேஷனே போடலியே, பழைய சிஸ்டர் யாராவது சிபாரிசு பண்ணியிருப்பாங்க” என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னாயே. யார் சிபாரிசு செய்தது என்று தெரிந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

வாலு

&nbsp;

ஜூலை 24

வாலு,

கையெழுத்து விஷயத்தை நேரில் பேசிக்கொள்கிறேன்.

இங்கே செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. வயிற்று ஆபரேஷன் கருவி செட் ஒன்று திரும்பி வந்தது. போகும்போது நாற்பத்திரண்டு உருப்படி. வந்தபோது நாற்பத்தொன்று. ரத்தக் குழாயைப் பிடிக்கும் இடுக்கி ஒன்று குறைகிறது. மேலே ஆபரேஷன் தியேட்டருக்குச் சொன்னேன். “நாங்க எண்ணிட்டோம் ஆன்ட்டி, சரியாதான் இருந்துச்சு” என்றாள் தியேட்டர் பெண். “நீங்க எண்ணினது முடிஞ்சுது. இப்ப நான் எண்ணுறேன்” என்றேன். அவள் முன்னாலேயே மூன்று முறை எண்ணினேன். நாற்பத்தொன்று.

நோயாளியை வார்டுக்கு அனுப்பக் கூடாது என்றேன். எனக்கு அதைச் சொல்ல அதிகாரம் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. ஒரு டாக்டர் என் வயதைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றில் எதுவும் இல்லை. அதற்குள் நான் அழுக்குத் துணி மூட்டைகளைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக உதறினேன். ஆறாவது மூட்டையில், ஒரு விரிப்பின் மடிப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது.

தரையிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுத்தார்கள். அதன் பிறகு யாரும் ஆன்ட்டி என்பதில்லை. சிஸ்டர் என்கிறார்கள்.

சிபாரிசு பற்றிக் கேட்டிருந்தாய். மெஷினில் ஏற்ற வேண்டிய லோடு காத்திருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

அம்மா

&nbsp;

ஆகஸ்ட் 19

அம்மா,

நான்கு நாள் காய்ச்சல். பயப்படாதே, போய்விட்டது. என்னோடு இருக்கப் பிடிக்காத பட்டியலில் அதுவும் சேர்ந்துவிட்டது.

சித்தி ராத்திரி பூராவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கை வைத்து, “சூடு இல்லையே” என்றாள். உன் கை வைத்திருந்தால் டிகிரி சொல்லியிருக்கும். இப்படி நினைத்தது தப்பு என்று தெரியும். அவள் கண் முழித்து உட்கார்ந்திருக்க, நான் மனசுக்குள் கையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் கூட்டத்துக்கும் சித்திதான் வந்தாள். என்னைப் பற்றிப் புகார் படித்தார்கள். கரும்பலகையில் ‘இன்று ஆசிரியர் விடுமுறை’ என்று எழுதியது, வகுப்புக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் ஓடவிட்டது, எல்லாம். சித்தி பாவம், தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். நீயாக இருந்தால் அங்கேயே என் காதைத் திருகியிருப்பாய். திருக ஆள் இல்லாத காதுக்கு என்னம்மா மரியாதை?

உனக்கு லீவே கிடையாதா? செப்டம்பரில் இரண்டே நாள். வந்து ஸ்பூனை எண்ணிவிட்டுப் போ. குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்.

வாலு

&nbsp;

செப்டம்பர் 3

வாலு,

காய்ச்சலை நாலு நாள் கழித்துத்தான் சொல்வாயா? சித்தியும் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டாம் என்றிருப்பாய்.

செப்டம்பரில் வர முடியாது. மாற்று ஆள் இல்லை. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேரும், வீட்டில் பிரச்சினை என்று பாதியில் விட்டுப் போனவர்கள். ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டருக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு மேல் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார். அக்டோபர் பதினைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்குப் பிடித்திருக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன பிரயோசனம். வீட்டில் இருந்த ஐந்து மாதமும் காலையில் தலை வாரி முடிப்பேன். முடித்ததும் பத்து மணி. ராத்திரி வரைக்கும் அந்தப் பத்து மணிதான். நான் ஸ்பூனை எண்ணியது உனக்குச் சிரிப்பு. எனக்கு எண்ணுவதற்கு வேறு எதுவும் இல்லை. இங்கே நான் எண்ணவில்லை என்றால் மேலே கத்தியை எடுக்க மாட்டார்கள்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. வேடிக்கை இல்லாமல் எழுது.

அம்மா

&nbsp;

செப்டம்பர் 10

அம்மா,

வேடிக்கை இல்லாமல் எழுதச் சொன்னாய். நாலு தாள் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

உன்னை யாரும் சிபாரிசு செய்யவில்லை. விண்ணப்பம் போட்டது நான்.

பிப்ரவரியில் அந்த விளம்பரம் வந்தது. ஓய்வு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. முதல்நாள்தான் நீ என் பையைத் தரையில் கொட்டி, என் டைரியையும் எடுத்துப் புரட்டி, “இதுல பக்கம் குறையுது” என்றாய். எனக்கு ஆத்திரம். உன் சான்றிதழ்களை நகல் எடுத்தேன், உன்னைப் போலவே எழுதினேன், உன் கையெழுத்தையும் போட்டேன். வேலை கிடைக்கும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. இன்டர்வியூ என்று ஒரு நாள் வெளியே போய்விட்டு வருவாய், எனக்கு ஒரு நாள் வீடு கிடைக்கும். அவ்வளவுதான் திட்டம்.

இதுவரை எழுதுவது சுலபமாக இருந்தது.

விளம்பரத்தில் ‘தனியாகத் தங்கிப் பணிபுரியக்கூடியவர்களுக்கு முன்னுரிமை’ என்று இருந்தது. அதற்காகக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ‘வீட்டில் என்னை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் யாரும் இல்லை.’

எழுதி முடித்துவிட்டு, அம்மா, நன்றாக அமைந்துவிட்டது என்று இரண்டு முறை படித்துக்கூடப் பார்த்தேன்.

பொய் சொல்லி வாங்கிய வேலை அது. அதனால் நீ திரும்பி வந்துவிடலாம். வந்துவிடு என்று நேராகக் கேட்கத் தெரியாமல்தான் இத்தனை சுற்று.

வாலு

&nbsp;

செப்டம்பர் 27

வாலு,

உன் கடிதம் பதினான்காம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனது உன்மேல் கோபத்தால் இல்லை.

விண்ணப்பம் நீ போட்டது என்று எனக்கு இன்டர்வியூ அன்றே தெரியும். பெரிய டாக்டர் மேஜைமேல் அது விரித்து வைத்திருந்தது. என் கையெழுத்து, ஆனால் கடைசிச் சுழி நெளியவில்லை. நான் எந்தக் காலத்தில் அவ்வளவு பொறுமையாகக் கையெழுத்துப் போட்டேன்?

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீடு திரும்பியதும் உன் காதைத் திருக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவர் கடைசி வரியில் விரலை வைத்தார். “வீட்ல எதிர்பார்க்க யாரும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. உண்மைதானே? பாதியில போயிட மாட்டீங்களே?” என்றார்.

அறை சின்னது. மின்விசிறி சத்தம். பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை நான்.

“ஆமா சார். யாரும் இல்ல” என்றேன்.

நீ எழுதியது கோபத்தில், பதினாறு வயதில். நான் சொன்னது நிதானமாக, வாய் திறந்து, ஒருவர் முகத்தைப் பார்த்து. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து உன்னிடம், “யாரோ சிபாரிசு பண்ணியிருக்காங்க” என்ற பழைய கதையையே தொடர்ந்தேன். உன் வரியைப் பற்றிக் கேட்டால் என் பதிலையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் நீ மட்டும் பொய் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்காதே.

அம்மா

&nbsp;

அக்டோபர் 3

அம்மா,

தப்பு செய்துவிட்டேன். இந்தத் தடவை நிஜமான தப்பு.

உன் கடிதத்தைப் பால்கனியில் நின்று படித்தேன். நான் எழுதினேன், அது எழுத்து. நீ சொன்னாய் என்றதும் எனக்குக் காதுக்குள் உன் குரலிலேயே கேட்டது. “யாரும் இல்ல.” நீ எதையும் இரண்டு முறை எண்ணாமல் சொல்ல மாட்டாய். என்னை மட்டும் எண்ணாமலே சொல்லியிருக்கிறாய்.

உடனே உட்கார்ந்து பெரிய டாக்டருக்கு உன் பெயரில் ராஜினாமா எழுதினேன். ‘சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.’ இந்த முறை கடைசிச் சுழியை நெளியவிட்டேன். அச்சு அசல் நீ. ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம்தான் அந்த இடுக்கி நினைவுக்கு வந்தது, நீ தரையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் இருந்தது, எல்லாம்.

நான்கு மணிக்குப் பெட்டியைத் திறக்க ஆள் வரும் வரை அங்கேயே நின்றேன். கெஞ்சினேன்.

“உன் லெட்டரா பாப்பா?”

“ஆமா அங்கிள், நான் எழுதினதுதான்.”

உறையைப் பார்த்தார். “அனுப்புநர்னு போட்டிருக்கிறது யாரு?”

“அது எங்கம்மா.”

“அப்ப அம்மாவைக் கூட்டிட்டு வா. அவங்க கேட்டா பார்க்கலாம்.”

அம்மாவைக் கூட்டிவர முடிந்தால் நான் எதற்கு அங்கே நிற்கிறேன்?

உனக்கு ஃபோன் செய்தேன். “சாப்பிட்டியா” என்றாய். ‘ம்’ என்றேன். “படிச்சியா” என்றாய். நான் வாயைத் திறந்தேன். நீ வைத்துவிட்டாய். மறுபடி அடித்தேன், அதற்குள் நீ கீழே போய்விட்டாய், லைன் கிடைக்கவில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். அது போய்ச் சேர்ந்த ஒன்றிரண்டு நாளில் இதுவும் வரும். அந்த ராஜினாமாவை நீ கிழித்துப் போடலாம். நீ எழுதியது இல்லை என்று சொல்லலாம். அல்லது நீ எழுதியதுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். எதைச் சொல்லச் சொல்லி நான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

வாலு

&nbsp;

அக்டோபர் 9

வாலு,

உன் கடிதம் எனக்கு வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே பெரிய டாக்டர் கூப்பிட்டுவிட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. கையுறையைக் கழற்றிவிட்டு மேலே போனேன். காகிதத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

“இது நீங்க போட்ட கையெழுத்தா சிஸ்டர்?”

பார்த்தேன். சுழியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கே சந்தேகம் வரும் அளவுக்கு.

“இல்ல சார். என் பொண்ணு போட்டது” என்றேன்.

“உங்களுக்குத்தான் யாரும் இல்லையே?”

“இருக்கா. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அவர் காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு, எத்தனை வயது, யாரிடம் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பொய் சொன்னவரிடம் கருவி எண்ணிக்கையை எப்படி நம்பி ஒப்படைப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. “நம்பாதீங்க சார். எனக்கு அப்புறம் இன்னொருத்தரை எண்ணச் சொல்லுங்க. ரெண்டு எண்ணிக்கையும் ஒத்துப் போனா அனுப்புங்க” என்றேன். அப்படியே செய்கிறோம், இப்போது நான்கு நாளாக. என் எண்ணிக்கையை ஒரு சின்னப் பெண் சரிபார்க்கிறாள். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

“இப்ப வேலையை விடுறீங்களா, இல்லையா?” என்றார் கடைசியில்.

“விடல சார்.”

இதைத்தான் உனக்கு எழுத வேண்டும். விடவில்லை. நீ கேட்டும் விடவில்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயதில் இது வேண்டியிருக்கிறது, இதற்கு நல்ல பெயர் எதுவும் என்னிடம் இல்லை. இரண்டு வருஷத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டார். அந்தச் சின்னப் பெண் தனியாக நிற்கப் பழகிய பிறகு லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார். எப்படியும் டிசம்பர் ஆகிவிடும்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பதினைந்துக்குப் பதில் இருபத்தைந்து வரை நேரம் கேட்டிருக்கிறேன். வந்துவிடு என்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன். அதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று தெரியாமல் போட மனசு வரவில்லை.

மெஷின் ஓடும் நாற்பது நிமிடத்தில் இதை எழுதினேன். கதவு திறக்கும் நேரமாகிவிட்டது.

அம்மா

&nbsp;

அக்டோபர் 17

அம்மா,

போடு.

எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமல்தான் சொல்கிறேன். பெரிய மனசோடு சொன்னதாக நினைத்துப் பக்கத்துப் பெண்களிடம் படித்துக் காட்டிவிடாதே. டிசம்பர் வரை நீ ஃபோன் செய்யும்போது நான் ‘ம்’ என்று மட்டும்தான் சொல்வேன், கோபத்தில். நாலாவது வாக்கியம் ஒன்று நீயாகக் கண்டுபிடித்தால் பார்க்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் வந்து கதவைத் தட்டினார். நாலு மாதமாகப் பூட்டியே இருந்ததாம், வந்து வந்து திரும்பிப் போனாராம். மீட்டரைப் பார்த்துவிட்டு, ஒரு தாளை நீட்டி, பெரியவர்கள் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

“அம்மா இல்லையா?” என்றார்.

பேனா என் கையில்தான் இருந்தது. உன் கையெழுத்துக்கு எனக்கு மூன்று விநாடி போதும்.

“அம்மா வேலைக்குப் போயிருக்காங்க” என்றேன்.

“சரி, எப்ப வருவாங்க? சாயங்காலம் வரட்டுமா?”

“டிசம்பர்ல வாங்க.”

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நான் மிச்சத் தரையைத் துடைத்தேன்.

வாலு